பிரதிவாதிக்கு மறுப்பு உண்டா?

1

இந்தக் கதை என்னுடையதில்லை. ஒரு கையெழுத்துக்குச் சான்று வாங்க நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்தபோது, பக்கத்து பெஞ்சில் ஒரு வக்கீல் தன் நண்பரிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுத் திருடியது. பாதியில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே முதல் பாதி திருட்டு, மறு பாதி பொய். என் பிழைப்பே அதுதான் என்பதால் வெட்கப்படப் போவதில்லை.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

("நீதி என்பது யாதெனில்" — வேண்டாம். எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

("மழை பெய்துகொண்டிருந்தது. படிக்கட்டுக்கு அடியில் அவள்" — வக்கீல் மழையைப் பற்றி மூச்சே விடவில்லை. நான் எதற்கு நனைய வேண்டும்?)

மூன்றாவது இது: பூட்டம்மாவுக்கு ஒரு வழக்கு போட வேண்டியிருந்தது, சண்டைதான் கிடைக்கவில்லை.

2

பூட்டம்மா பூட்டு ரிப்பேர் செய்பவள். மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் கடை. நாலைந்து அரம், சாவியைக் கவ்வும் இரும்புப் பிடி, ஆணியில் கொத்தாகத் தொங்கும் வெட்டாத சாவிகள். தேய்ந்த சாவியை வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். கட்டடம், மாடியில் குடியிருக்கும் கண் டாக்டருக்குச் சொந்தம். மாடியிலேயே வைத்தியம் பார்த்து வந்தவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பதினெட்டு வருடத்துக்கு முன் தன் மருந்துச் சீட்டுத் தாளிலேயே அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. பூட்டுத் தொழில் செய்யும் காலம்வரை அந்த இடம் அவளுக்கு. யாரும் காலி செய்யச் சொல்லக் கூடாது.

(டாக்டர் கையெழுத்தைப் பற்றி இங்கே ஒரு ஜோக் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். இவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.)

வெளியூரில் இருக்கும் டாக்டரின் மகன் ஒரு நாள் போனில், "அந்தத் துண்டுச் சீட்டெல்லாம் செல்லாதுப்பா. கட்டடம் என் கைக்கு வரட்டும், முதல் வேலையா அந்தக் கடையைக் காலி பண்றேன்" என்றான். டாக்டர் போனை வைத்துவிட்டு நேரே கீழே இறங்கி வந்தார்.

"பூட்டம்மா, என் மேல ஒரு கேஸ் போடு."

"எதுக்கு டாக்டர்? நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. நான் உயிரோட இருக்கும்போதே நம்ம சீட்டு செல்லும்னு கோர்ட்டு சொல்லிட்டா, நாளைக்கு என் பையன் வாயைத் திறக்க முடியாது."*

* புதிதாக ஒன்று எழுதிப் பதிவு செய்தால் போயிற்றே என்பீர்கள். டாக்டருக்கு இப்போது கை நடுக்கம். கோணல் மாணலான கையெழுத்தைப் பார்த்தால் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மகன் கிளம்புவான். கை நடுங்காத காலத்துக் காகிதம்தான் அவளுக்குத் துணை. (இதை யோசித்துப் பிடிக்க எனக்கு இரண்டு நாளாயிற்று.)

3

"நாம பணம் கேக்கலை, தண்டனை கேக்கலை," என்றார் பூட்டம்மா போய்ப் பார்த்த வக்கீல். "இந்த ஒப்பந்தப்படி எனக்கு உரிமை இருக்கு, அதை விளம்புங்க, அதாவது உண்டுன்னு அறிவிச்சுச் சொல்லுங்கன்னு மட்டும்தான் கேக்கறோம். ஆனா ரெண்டு பேருக்கும் நிஜமாவே தகராறு இருக்கணும். பேசி வெச்சுக்கிட்டு வந்தீங்கன்னு தெரிஞ்சா ஜட்ஜ் தள்ளுபடி பண்ணிடுவார்."

"எங்களுக்குள்ள தகராறே கிடையாதே, சார்."

"உண்டாக்குங்கம்மா."

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒத்திகை. டாக்டர் வாடிக்கையாளர் முக்காலியில் உட்கார்ந்து, "உன் கடையால எனக்குப் பெரிய தொந்தரவு" என்றார், பால் கணக்கு ஒப்பிப்பதுபோல.

"கொஞ்சம் கோவமா சொல்லுங்க டாக்டர்."

"நாள் முழுக்க அரம் ராவுற சத்தம். பேஷன்ட்டைப் பாக்கும்போதெல்லாம் பல்லு கூசும். வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"நிஜமாவா?"

"பதினெட்டு வருஷமா."

பூட்டம்மா சிரித்தாள். அடுத்தது அவள் முறை. மாடிக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதாக ஏற்பாடு. வாயைத் திறந்தாள், வேறு வந்தது.

"என் வீட்டுக்காரர் கண்ணு மங்குதுன்னு உங்ககிட்டதான் வந்தார். வயசானா அப்படித்தான்னு ரெண்டு தடவை கண்ணாடி மாத்திக் குடுத்தீங்க. கண்ணுல அழுத்தம்னு வேற டாக்டர் சொன்னப்போ பார்வை முழுசாப் போயிருந்துச்சு. மறு மாசமே இந்தச் சீட்டை எழுதிக் குடுத்தீங்க. ஏன் டாக்டர்?"

(இதை நான் திட்டமிடவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு சிரிப்புக் கதை. அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். அவள் கணவர் கடைசிக் காலத்தில் சாவிகளை விரலால் தடவித் தடவி)

டாக்டர் எழுந்தார். படிக்கட்டில் தலை இடித்தது. தடவிக்கூடப் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஒரு மாதம் கீழே இறங்கவில்லை. பூட்டம்மாவுக்குக் கோபம் ஆறவில்லை. கேட்டிருக்க வேண்டாமோ என்ற வேதனை அதைவிடப் பெரிதாக இருந்தது. கடை போய்விடுமோ என்ற பயம் எல்லாவற்றுக்கும் மேலே.

4

வராந்தாவில் என்னைக் கூப்பிட்டது இந்த இடத்தில்தான். இனி எல்லாம் என் பொறுப்பு.

வழக்குப் போட்டாயிற்று. விசாரணை நாளன்று வக்கீல் பூட்டம்மாவின் காதில் சொன்னார்: "அவர் மறுப்பு இல்லைன்னு சொன்னா நம்ம கேஸ் அத்தோட காலி. உண்டுன்னு சொன்னாதான் மேல நடக்கும்."

கவனியுங்கள். அவளைக் கவிழ்க்க நினைத்தால் டாக்டர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினால் போதும்.

"ஒப்பந்தம் செல்லும்னு வாதி சொல்றாங்க," என்றார் நீதிபதி. "பிரதிவாதிக்கு மறுப்பு உண்டா?"

("இல்லை" என்று சொல்லவைத்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

(டாக்டர் கூண்டிலேயே அழுது மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதினேன். கோர்ட்டில் அதற்கெல்லாம் தேதி கொடுப்பதில்லை.)

டாக்டர் நடுங்கும் கையை மறு கையால் பிடித்துக்கொண்டு பூட்டம்மாவைப் பார்த்தார்.

"உண்டு," என்றார்.

"எந்த அம்சத்தில?"

"எல்லாத்துலயும்."

ஒத்திகையில் ஒப்பித்த குரல் இல்லை அது. நடிப்பைக் கற்றுக்கொண்டு வந்து அவளைக் காப்பாற்றுகிறாரா, உண்மையிலேயே எதிரியாகிவிட்டாரா? எந்தச் சாவியையும் ஒரே பார்வையில் படித்துவிடுகிறவளுக்கு இது பிடிபடவில்லை. நீதிபதி அடுத்த தேதி கொடுத்தார்.

5

ஆகவே கனம் வாசகர் அவர்களே, அந்த "உண்டு" பகையா பரிவா என்று மட்டும் விளம்ப வேண்டுகிறேன். வேறு பரிகாரம் எதுவும் கேட்கவில்லை. டாக்டரை மன்னிக்க வேண்டாம், மகனைத் திருத்த வேண்டாம். நமக்குள் நிஜமான தகராறு இருந்தால்தான் மனு நிற்கும் என்பதால், நீங்கள் பரிவு என்றால் நான் பகை என்பேன், பகை என்றால் பரிவு.

கடைசியாக ஒன்றைத் தாக்கல் செய்துவிடுகிறேன். மறுநாள் காலை பூட்டம்மா கடையைத் திறந்தாள். ஒரு சாவியைப் பிடியில் மாட்டி, அரத்தை எடுத்தாள். ராவுவதற்கு முன் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள். பிறகு பழைய துணி ஒன்றை நாலாக மடித்து, சத்தம் கேட்காதபடி, இரும்புப் பிடிக்கு அடியில் வைத்தாள். பேஷன்ட்டுகள் வருவது நின்று ஆறு வருடமாகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தத் துணியை யார் தரப்புச் சாட்சியமாகக் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.