மூன்று தட்டு

"ஒரு தடவை வெந்து சக்கையாப் போனதை மறுபடியும் வேக வைக்கிறியே, அது உனக்கு என்னடி துரோகம் பண்ணுச்சு?"

கணவர் அவளிடம் இதைக் கேட்டு நாலு வருஷமாகிறது. மருந்துக் கூடத்தில் கஷாயம் காய்ச்சுபவர். மாலையில் வீட்டுக்கு வரும்போது சட்டையெல்லாம் அதிமதுர வாசனை. கூடத்துக்குப் பின்னால் மலையாகக் குவிந்து நாறிய மருந்துச் சக்கையை அவள் கொண்டுவந்து உலர்த்தினாள். மூடியில் ஒரே துளை போட்ட இரும்பு ட்ரம்மில் அடைத்து, அதைச் சுற்றித் தீ மூட்டினாள். காற்று பட்டால் சாம்பல், படாவிட்டால் கரி. மண்ணில் கலக்க நல்லது என்று தோட்டக்காரர்கள் அந்தக் கரியை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனார்கள்.

படுக்கையில் விழுந்த பிறகு அவரும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டார். ஜன்னலோரம் படுத்தபடி, துளையிலிருந்து வரும் புகை அடங்கும் நேரம் பார்த்து டம்ளரில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவார். அவள் ஓடிப்போய்த் துளையைக் களிமண்ணால் அடைப்பாள். கண்ணில் புரை மூடி ஆறு மாதமாகிறது என்று அவர் சொல்லவில்லை. தெரியும் என்று அவளும் சொல்லவில்லை. அவர் மூக்கால்தான் பார்த்தார். முப்பது வருஷம் கஷாயத்துக்குப் பக்கத்தில் நின்ற மூக்கு, ஒரு நாளும் பிசகியதில்லை.

அன்று மதியமும் தட்டினார். துளையை அடைத்து, தீயை இழுத்துப்போட்டு, கையைக் கழுவிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது கரண்டி தரையில் கிடந்தது. அவர் முகம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது.

சாயங்காலத்துக்குள் துக்கத்துக்கு வந்தவர்களால் முற்றம் நிறைந்துவிட்டது. லாரி ஓட்டும் கொழுந்தன் தண்ணீர் வாளியோடு ட்ரம்மை நெருங்கினான்.

"ஆளுங்க நிக்க இடமில்ல, நடுவுல இது வேற அனலடிச்சுக்கிட்டு. மூடியைத் தூக்கித் தண்ணி ஊத்திடறேன்."

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்துபோய் அவனுக்கு முன்னால் நின்றாள்.

"தொடாதீங்க தம்பி. இப்பத் திறந்தா குப்புனு பத்திக்கும்."

"ஒரு ட்ரம் போனாப் போகுது அண்ணி!"

"உங்கண்ணன் கடைசியாத் தட்டினது சரியா தப்பான்னு எனக்குத் தெரியணும்."

கொழுந்தன் வாளியைக் கீழே வைத்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாகற வரைக்கும் மனுஷனை வேலை வாங்கியிருக்கீங்க" என்றான்.

"சும்மா படுங்கன்னா கேக்கற ஆளா அவர்? 'சம்பளம் இல்லாத மேஸ்திரி நான்'னு பெருமை வேற."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்த மறுநாள் காலையில் அவள் ட்ரம்மைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. கொழுந்தன் மூடியைப் பிடித்துத் தூக்கினான். கரி கண்ணாடித் துண்டுகளைப் போலக் கலகலத்தது. வேர், பட்டை, காய் எல்லாம் உருவம் கலையாமல் கன்னங்கரேலென்று இருந்தன. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. முழங்கை வரை விட்டுத் துழாவினாள். நடுவிலிருந்து தடித்த அதிமதுர வேர் ஒன்று வந்தது, பாதி இன்னும் கரியாகாமல் பழுப்பாக.

"என்னண்ணி, தப்பாத் தட்டிட்டாரா?"

"சரியாத்தான் தட்டியிருக்கார். கொஞ்சம் முந்திட்டார், அவ்வளவுதான்." அவள் வேரை விரலால் துடைத்தாள். "அவருக்கு நேரமில்ல போலிருக்கு."

கொழுந்தன் அதை வாங்கி முகர்ந்தான். அண்ணன் சட்டையில் வீசும் அதே வாசனை. மறுபடியும் முகர்ந்தான். பிறகு சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டு, வாசல் கதவைத் திறந்து வெளியே போனான்.