சூட்டில் வைத்த நுரைத்தட்டு

கட்டைவிரலால் லேசாகத்தான் அழுத்தினேன். நுரைத்தட்டு டக்கென்று இரண்டாக உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. நேற்று மாலை அச்சிலிருந்து எடுத்து, காற்றாட அலமாரியில் அடுக்கியவள் நான். இப்போது எல்லாம் மாவு உலர்த்தும் சூட்டுப்பெட்டிக்குள் இருந்தன.

"இதை யாரு உள்ள வெச்சது?"

"நான்தான். ராத்திரி மழை பிடிச்சுக்கிச்சு. நமுத்துப் போயிடுமேன்னு வெச்சேன்" என்றார் என் கணவர். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

மரவள்ளி மாவைக் கரைத்து, சூடேறிய இரும்பு அச்சில் ஊற்றி மூடினால், உள்ளே தண்ணீர் ஆவியாகி மாவைப் பொங்க வைக்கும். அந்த நுரை அப்படியே இறுகி, உடையும் சாமானைப் பொதிகிற தட்டாகும். பார்க்கத் தெர்மோகோல் மாதிரிதான், ஆனால் மண்ணில் போட்டால் மக்கிவிடும். கொஞ்சம் ஈரம் குடித்தால்தான் வளைந்துகொடுக்கும். கூடினால் சுருங்கும், குறைந்தால் நொறுங்கும். புருஷனைவிடக் கஷ்டம் இதை வைத்துச் சமாளிப்பது என்று நானே கேலி செய்வதுண்டு. இத்தனை நாள் என்னோடு மாவு கரைத்தவருக்கு இது தெரியாதா?

விளக்குக் கடைக்காரம்மா மதியம் வருகிறார். கண்ணாடி விளக்கை எங்கள் தட்டில் பொதிந்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, தோள் உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார். விளக்கு பிழைத்தால் ஆர்டர் எங்களுக்கு. உடைந்தால் பட்டறையை மூடிவிட்டு, வெளியூரில் பேசி வைத்திருக்கும் வேலைக்கு என் கணவர் போய்விடுவார். அவர் அங்கே, நான் இங்கே. சூட்கேஸைக்கூடத் துடைத்து வைத்தாயிற்று. வேண்டுமென்றே செய்தாரோ?

குளியலறையில் வாளி வாளியாக வெந்நீர் வைத்து, மேலே கம்பிவலையில் மிச்சத் தட்டுகளைப் பரப்பிக் கதவைச் சாத்தினேன். அடிக்கொருதரம் திறந்து அழுத்திப் பார்த்தேன்.

"ரொம்ப நேரம் விடாத, சுருங்கிடும்" என்றார் பின்னால் நின்று.

"இந்த அக்கறை ராத்திரி எங்க போச்சு?"

"அக்கறையிலதான் வெச்சேன்."

"ஊருக்குப் போற அக்கறையா?"

அவர் ஆறிப்போன வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பாதித் தட்டுகள் ஓரம் சுருண்டுவிட்டன. மிச்சத்தில், விளக்குக்கு மேலும் கீழும் வைக்க ஒரே ஒரு ஜோடி மட்டும் அழுத்தினால் குழிந்து, மெதுவாக நிமிர்ந்தது. அதற்குள் கடைக்காரம்மா வந்துவிட்டார். விளக்கை வைத்து மூடி, நாடா ஒட்டி, பெட்டியைத் தோள்வரை உயர்த்தினார்.

"இவ்ளோ லேசா இருக்கே, தாங்குமா?"

"தாங்கும்மா" என்றேன்.

கீழே பார்க்கப் பயந்து இவரைப் பார்த்தேன். சுவரோரம் நின்றிருந்தவர் எப்போது முன்னால் வந்தார் என்று தெரியவில்லை. இரண்டு கையும் பெட்டிக்கு அடியில் ஏந்தினபடி நீண்டிருந்தன.

கடைக்காரம்மா சிரித்துவிட்டார். "நீங்க புடிச்சிட்டா எப்படிங்க? கைய எடுங்க."

இவர் தன் கைகளை அப்போதுதான் பார்த்தார். பின்னுக்கு இழுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது.

கடைக்காரம்மா பெட்டியை விட்டார்.