எழுமலையில் ஒரே ஒரு விருமாண்டி

அப்பாவின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் அன்னக்கொடி. தலைமாட்டில் யாரோ வந்து நின்றார்கள். விருமாண்டி. ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் புத்தகம்.

"பெரியப்பா போற அன்னிக்கு அவரு பொருள வீட்டுல வச்சிருக்கக் கூடாது தாயி. இந்தா."

அப்பா கருத்தக்கண்ணன் எண்பதைத் தாண்டியவர். முந்தின நாள் அயிரைமீன் குழம்பை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. கல்யாணச் சாவு. தெருவில் கொட்டுக்கு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டை ஒட்டிய படிப்பகத்தை அவர்தான் நடத்திவந்தார். மதுரையில் கம்ப்யூட்டர் படித்த அன்னக்கொடி, அங்கே கற்றதை வைத்து அதற்குக் கணக்கு அட்டைகள் அடுக்கிய ஒரு பெட்டி செய்துகொடுத்திருந்தாள். ஒரு பேருக்கு ஓர் அட்டை. எடுத்த புத்தகம் அதில் ஏறும், திரும்பி வந்தால் அடிபடும். விருமாண்டி என்ற அட்டையில் மட்டும் புத்தகங்கள் ஏறிக்கொண்டே போயின. அதைப் பார்த்த ஊர்க் கமிட்டி அழகுமலை, டீக்கடையில் வைத்து இவரைப் புத்தகத் திருடன் என்றார். இப்படிக் களவு போனால் படிப்பகத்தைப் பூட்டி உரமூட்டை அடுக்க வேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார்.

"மத்ததெல்லாம் எங்கண்ணே?" வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"மத்ததா? எம்புட்டுத் தடவ சொல்றது? நான் எடுத்ததே இந்த ஒண்ணுதான்!"

அவருக்குப் பின்னால் சைக்கிள் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "அக்கா, நான் ரெண்டு வச்சிருந்தேன். அட்டையில விருமாண்டின்னு இருக்கும் பாருங்க."

ஆட்டத்திலிருந்து வியர்வையோடு ஒருவர் வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து புத்தகத்தை உருவினார். "கெழக்குத் தெரு விருமாண்டித்தா."

நான்காவதாக ஒரு விருமாண்டி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அன்னக்கொடி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பாதி ஊருக்கு ஒரே குலசாமி பேர். அவள் அத்தனை பேரையும் ஓர் அட்டைக்குள் அடைத்து வைத்திருந்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து ஒருத்தி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பிறகு படிப்பகத்திலிருந்து அட்டைகள் இருந்த பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்தாள். இனி பேர் இல்லை, ஆளுக்கு ஒரு நம்பர்.

"உங்களுக்கு ஏழுண்ணே."

"ஏழா? ஏற்கெனவே எனக்கு ஏழரை நடக்குது. எட்டாப் போடு தாயி."

ஒச்சாயி அத்தைக்குப் பொறுக்கவில்லை. "பொணத்துக்குப் பக்கத்துல அட்டை எழுதுறவள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அம்மா அழுகையை நிறுத்தினாள். "எழுதட்டும் மதினி. அந்த மனுசனுக்கு உசிரு இருந்தா பேனாவுக்கு மை ஊத்திக் கொடுத்திருப்பாரு."

பாடைத் தேர் கிளம்புவதற்குள் புத்தகங்கள் எல்லாம் வந்துவிட்டன. அழகுமலை அடுக்கைப் புரட்டிப் பார்த்தார்.

"திருடன்னியே மாப்ள, இப்ப என்ன சொல்ற?" என்றார் எட்டாம் நம்பர் விருமாண்டி.

"வந்திருச்சு, சரி. ஆனா இனிமே யாரு படிக்கப் போறா? சாயங்காலம் சாவியக் கொடுத்திருத்தா."

அன்னக்கொடி அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி அடுக்கின் மேல் வைத்தாள்.

மசானத்திலிருந்து ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது, அவள் படிப்பகத்தில் புத்தகங்களை அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வேட்டி சொட்டச் சொட்ட விருமாண்டி உள்ளே வந்தார்.

"அந்தக் கதைக்கு ரெண்டாம் பாகம் இருக்கா தாயி?"

"இன்னிக்கேவாண்ணே?"

"வீட்டுக்குப் போனா தூக்கமா வரப்போகுது?"

எட்டாம் நம்பர் அட்டையை எடுத்தாள். அவருக்குப் பின்னால் சைக்கிள் கடைக்காரன். அவனுக்குப் பின்னால் கிழக்குத் தெரு. சாவி வாங்க வந்த அழகுமலை வாசலில் வழி கிடைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். "நாளைக்குப் பேசிக்கிருவோம்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அறையில் யாரும் இல்லை. மேல் தட்டு காலியாகக் கிடந்தது. தரையில் ஈரக் கால்தடங்கள் அலமாரி வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்தன. அன்னக்கொடி விளக்குமாற்றை எடுத்தாள். மறுபடியும் மூலையிலேயே சாத்தி வைத்தாள்.