நாலு தடவை பார்த்த மட்டமான படம்

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். இரண்டு நண்பர்கள். ஒருவனுக்கு மறுநாள் கல்யாணம். இருவரும் குடித்துவிட்டு மாப்பிள்ளையின் பேண்ட்டைத் தொலைக்கிறார்கள். அதைத் தேடிப் போகிற இடத்திலெல்லாம் இன்னும் எதையாவது தொலைக்கிறார்கள். வாயைத் திறந்தால் கேட்பவர் காது கூசும். அவ்வளவுதான் கதை. தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறவளுக்கு இந்தப் படம் பார்க்காமலேயே மனப்பாடம். கவுண்டருக்குள் உட்கார்ந்தபடி உள்ளே எழுகிற சிரிப்பைக் கேட்டே எந்தக் காட்சி ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள்.

அந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. டிக்கெட்டோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுப்பார்கள். படம் முடிந்ததும் மனதில் பட்டதை எழுதிப் பெட்டியில் போடலாம், பெயர் வேண்டியதில்லை. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் பெட்டியைத் திறந்து, சீட்டுகளை வாசல் போர்டில் குத்தி வைப்பது அவள் வேலை. திட்டுகிற சீட்டை ஒளிக்கக் கூடாது என்பது மேனேஜரின் ஒரே கட்டளை.

இந்தப் படத்துக்குத்தான் போர்டு நிரம்பி வழிந்தது. "குடும்பத்தோடு வந்தோம். தனித்தனியாகத் திரும்பினோம்" என்று ஒருவர். "வயிறு வலிக்கச் சிரித்தேன், டாக்டரிடம் காரணம் சொல்ல முடியவில்லை" என்று இன்னொருவர். "நானும் என் மகனும் ஒரே காட்சிக்கு வந்திருப்பது இடைவேளையில் தெரிந்தது. இருவருமே பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்." "இதில் வருகிற பெண்களுக்குக் கதவைத் திறந்து திட்டுவதைத் தவிர வேறு வேலையே கிடையாதா?" என்ற சீட்டை அவள் எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணில் படுகிற மாதிரி குத்தினாள். "உன்னைப் பிடிக்கும் என்று ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் சொல்ல இத்தனை கெட்ட வார்த்தை தேவையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதன் கீழேயே யாரோ பேனாவால் "தேவை" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அவள் தன் புருஷனை வலுக்கட்டாயமாக அனுப்பி வைத்தாள். "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருக்கறதுக்கு இதையாவது பாருங்க. கொஞ்சம் சிரிச்சா ஒண்ணும் கொறஞ்சு போயிடாது." பார்த்தார். போன முகத்தோடேயே வெளியே வந்தார். பெட்டியைத் திறந்தபோது அவருடைய நுணுக்கமான எழுத்து அவளைப் பார்த்தது.

"மட்டமான படம். எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று தெரியாதவன் நண்பன் இல்லை."

இது படத்தைப் பற்றியது இல்லை.

புருஷன் பிளம்பர். ஒண்டியாகச் செய்கிற பிளம்பர் இல்லை. பதினெட்டு வருஷம் கூட்டாளியோடு செய்தவர். கூட்டாளியை ஊரே மொட்டை என்றுதான் கூப்பிடும், தலை நிறைய முடி இருந்தும். இரண்டு பேரும் தொட்டி கழுவப் போனால், புருஷன் உள்ளே இறங்குவார், மொட்டை வெளியே நிற்பார். மூடிய தொட்டிக்குள் இருட்டும், மூச்சுத் திணறும். அதனால் மொட்டை ஸ்பானரால் வெளிச்சுவரில் மூன்று முறை தட்டுவார். நான் இருக்கேன் என்று அர்த்தம். உள்ளேயிருந்து பதிலுக்கு மூன்று தட்டு வர வேண்டும். பத்து எண்ணுவதற்குள் வராவிட்டால் மொட்டை கேள்வி கேட்காமல் உள்ளே குதித்துவிடுவார். இரண்டு தடவை அப்படிக் குதித்தும் இருக்கிறார். ஒரு தடவை இவர் உள்ளே உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அன்றைக்கு மொட்டை திட்டிய திட்டுக்கு இந்தப் படமெல்லாம் பக்கத்தில் வர முடியாது.

போன வருஷம் மாமனார் போய்ச் சேர்ந்தார். அப்பா பிள்ளை என்று பெயரெடுத்த புருஷன், இரண்டு நாள் அழவும் இல்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவும் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டு கல்லாகக் கிடந்தார். சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த ஹாலில் மொட்டை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு காதோடு காதாக எதையோ சொன்னார். பாதி அவள் காதிலும் விழுந்தது. இருவரும் நூறு தடவை சொல்லிச் சிரித்த பழைய ஜோக். இங்கே எழுதுகிற மாதிரியானது இல்லை.

இவர் வெடித்துச் சிரித்துவிட்டார். அப்பாவின் உடலுக்கு எதிரில், அத்தனை பேர் முன்னால். "பெத்தவன் கெடக்கான், பல்லக் காட்டறான் பாரு" என்று பெரியப்பா சொன்னதுதான் தாமதம், இவர் எழுந்து மொட்டையின் சட்டையைப் பிடித்து வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார். "இனிமே என் மூஞ்சியில முழிக்காதடா."

பதினாலு மாசம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தொட்டி வேலை வந்தால் முடியாது என்று சொல்லிவிடுவார். தன்னால் தாங்க முடியாத சிரிப்பை மொட்டையின் தலையில் கட்டிவிட்டார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கல்லோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்கு அந்தச் சிரிப்பு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மதியம் பெட்டியைத் திறந்தால், கட்டைப் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு. பதினெட்டு வருஷமாக வீட்டுக் காலண்டரில் வேலை குறித்து வைத்த மொட்டையின் எழுத்து. அவள் இல்லாத காலைக் காட்சியாகப் பார்த்து வந்திருக்கிறார். போர்டையும் படித்திருக்கிறார்.

"மட்டமான படம்தான். ஆனால் ஒருவன் மூச்சு விடவே மறந்து உட்கார்ந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பவன் நண்பனா?"

அவள் அதைப் புருஷனின் சீட்டுக்குக் கீழே குத்தினாள். வேறு எதுவும் செய்யவில்லை. சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த புருஷன் போர்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

மறுநாள் மதியம் கவுண்டரில் அவர் கை நீண்டது. சீட்டு வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கியாக வேண்டுமே!

"மட்டமான படம்னு யாரோ எழுதியிருந்தாங்களே?"

"பேரு போட்டிருந்தாங்களா?"

"இல்ல."

"அப்ப டிக்கெட்டக் குடு."

அன்றைய சீட்டு: "அழ வேண்டிய நேரத்தில் சிரிக்க வைப்பவன், அழுகையைத் திருடிக்கொண்டு போகிறான்."

புதன் காலைக் காட்சியில் பென்சில் பதில்: "திருடவில்லை. கொடுக்கத் தெரியாமல் எதையோ கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க மூன்று தடவை போனேன், கதவு திறக்கவில்லை."

போர்டில் கூட்டம் கூடியது. "பென்சில்காரர் பக்கம்தான் நியாயம்" என்று ஒரு சீட்டு. "இதெல்லாம் எந்தக் காட்சியில் வருகிறது? நான் தூங்கிவிட்டேனா?" என்று இன்னொன்று. அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

புதன் மதியம் அவர் மூன்றாவது தடவை பார்த்தார். எழுதியது ஒரே வரி.

"சிரித்தது நான்தான். அதற்கு யாரை அடிப்பது?"

அவள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டரிலேயே உட்கார்ந்திருந்தாள். பதினாலு மாசமாக இந்த மனிதர் யாரைத் தண்டித்துக்கொண்டிருந்தார் என்று அவரே எழுதிவிட்டார். அதையும் போர்டில் குத்தினாள்.

வியாழக்கிழமை படத்துக்குக் கடைசி நாள். மறுநாள் புதுப் படம், சீட்டுகளெல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும். மதியக் காட்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றது மொட்டை.

"தங்கச்சி, ஒரு டிக்கெட்டு."

"போர்டப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்மா." சில்லறையை எண்ணுவது போலக் குனிந்துகொண்டார்.

கடைசி வரிசையில் ஏழாம் நம்பர் கொடுத்தாள். படம் தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்துப் புருஷன் வந்தார். எட்டாம் நம்பரைக் கொடுத்தாள். அரங்கில் பாதி காலி. கேட்டால் கம்ப்யூட்டர் அப்படித்தான் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் உள்ளே போனதும் கவுண்டரைப் பூட்டிவிட்டுப் பின்கதவுத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

டார்ச் வெளிச்சத்தில் இடம் தேடி உட்கார்ந்தவர் பக்கத்தில் யாரென்று பார்த்தார். பாதி எழுந்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் பேண்ட் தேடும் காட்சி வந்து, உட்காரச் சொல்லி டார்ச் பையன் அதட்டினான். உட்கார்ந்துவிட்டார். இருவரும் திரையையே பார்த்தார்கள். எழுந்து போய்விடுவாரோ என்று அவள் திரைச்சீலையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

மொட்டையின் கை நகர்ந்தது. நாற்காலியின் இரும்புக் கைப்பிடியில், விரல் முட்டியால், டொக் டொக் டொக்.

அவள் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அரங்கமே ஆட்டுக்குட்டி பேண்ட்டைத் தின்பதைப் பார்த்துக் குலுங்கியது. ஆறு. ஏழு. மொட்டை திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு. ஒன்பது.

டொக். டொக். டொக்.

அப்புறம்தான் புருஷனின் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார் என்றுதான் நினைத்தாள். இல்லை. முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். "அப்பா, அப்பா" என்று சின்னப் பிள்ளை மாதிரி. எல்லோரும் சிரிக்கிற இடத்தில், பதினாலு மாசம் தாமதமாக. மொட்டையின் கை அவர் முதுகில் இருந்தது. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து மிரண்டுபோனார்.

"என்ன சார் ஆச்சு? படம் அவ்வளவு மோசமா?"

"ஆமா சார்" என்றார் மொட்டை, தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நாலாவது தடவ வேற பாக்கறாரு."

அவள் ஓசைப்படாமல் கவுண்டருக்குத் திரும்பி, முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா மகனை மன்னிக்கிற காட்சி. இந்த ஒரு இடத்தில் மட்டும் அரங்கம் கப்சிப் என்று இருக்கும், ஒரு வாரமாக அவளுக்கு அது அத்துப்படி. அந்த அமைதியின் நடுவே கடைசி வரிசையிலிருந்து இரண்டு பேர் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவர் மற்றவர் காதில் எதைச் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். உஷ் உஷ் என்று நாலா பக்கமும் அதட்டினார்கள். சிரிப்பு அடங்குவதாக இல்லை.