ரோல்ஸ் தட்டும் புலனடக்கமும்

சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து எண்ணெயில் பொரித்த ரோல்ஸ், பற்றிஸ், சீனி போட்ட தேத்தண்ணி மூன்றையும் நான் கையால் தொடவில்லை. காலையில் மரைன் டிரைவில் நடை, பிறகு பாவற்காய்ச் சாறு. வெள்ளவத்தையில் என்னைப் போல் கட்டுப்பாடான மனிதன் வேறு எவனும் இல்லை. இதைச் சந்தித்தவர் எல்லோருக்கும் சொன்னேன்; கேட்க விரும்பாதவர்களுக்கு இரண்டு தரம் சொன்னேன்.

இரத்தத்தில் சீனி குறைந்தது. சந்தோஷம் மட்டும் வந்து சேரவில்லை. லிஃப்டில் நின்றவரோடு சண்டை, பல்கனிக் காகத்தோடு சண்டை. நாற்பதாம் நாள் என் மனைவி இரத்தினம்மா பெட்டி அடுக்கினாள்.

“நான் பாமன்கடையில இருக்கிற அக்காவிட்டைப் போறன். சீனியோட சிரிப்பும் போச்சு. பேச்சு மட்டும்தான் மிச்சம். உங்களோட இருக்கேலாது.”

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. “ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போமன்” என்று கெஞ்சி, பெட்டியும் கையுமாக நின்றவளைக் காலி வீதித் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

கொழும்புக் கடை வழக்கம் தெரியும்தானே? கேட்காமலே ஒரு தட்டு ரோல்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு. வெயிட்டர் அழகரும் வைத்துவிட்டுப் போனார். நான் அந்தத் தட்டையே சாட்சியாக வைத்து, புலனடக்கம்தான் பேரின்பம் என்று இரத்தினம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழகர் கணக்குப் பார்க்க வந்தார். “ரெண்டு பிளேன்ரீ, ரெண்டு ரோல்ஸ்.”

“ரோல்ஸோ? ஆர் திண்டது? நான் நாற்பது நாள் விரதக்காரன்!” கடையே திரும்பிப் பார்த்தது.

“பத்து வச்சேன், எட்டுதான் இருக்கு நவரத்தினம் ஐயா. பேசிக்கிட்டே நீங்கதான் சாப்பிட்டீங்க.”

இரத்தினம்மாவைப் பார்த்தேன்.

“ஓம்,” என்றாள். “புலன் எண்டேக்க ஒண்டு, அடக்கம் எண்டேக்க மற்றது.”

மீசையைத் துடைத்தேன். ரோல்ஸ் தூள் உதிர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விரதம் உடைந்ததற்காக அல்ல. இரண்டு ரோல்ஸ் தின்றும் ருசி என்னவென்று தெரியாமல் போனதே என்றுதான்.

அவள் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். “இதையாவது தெரிஞ்சு சாப்பிடுங்கோ.”

மெதுவாகச் சாப்பிட்டேன். மேலே மொறுமொறுப்பு, உள்ளே உறைப்பும் கிழங்கும். பாதியிலேயே போதும் போல இருந்தது. ஒருவரும் சொல்லாமலே மிச்சத்தைத் தட்டில் வைத்தேன். சிரிப்பு வந்தது. ஏன் வந்தது என்று விளக்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து அப்படியே மூடிக்கொண்டேன்.

“வாயைக் கட்டுறது எண்டா இதுதான்,” என்றாள் இரத்தினம்மா. மிச்சப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு எழும்பினாள். “பெட்டியை நீங்கள் தூக்குங்கோ. வீட்டை போவம்.”