ஆறாம் மாடியில் ஒரு கொட்டாவி

காபிக் கம்பெனியின் தலைமையகத்தில் வேலை பார்த்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஆறு வருஷமாகத் தூங்கவில்லை. தரைத்தளத்தில் கொட்டை வறுக்கும் வாசனையைக் குழாய் வைத்து ஒன்பது மாடிக்கும் ஏற்றிவிட்ட நாளிலிருந்து இப்படி. முதல் வாரம் எல்லோரும் கொஞ்சம் பயந்தார்கள். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. இது உடம்புக்கு ஆகாது என்று கம்பெனி டாக்டர் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். அவர் மேசைக்கு ஒரு கோப்பை காபி வந்தது. கடிதம் நானூறு பக்கம் தாண்டியும் முடியவில்லை. தூக்கம் இல்லாதவனுக்குக் கட்டில் எதற்கு, கட்டில் வேண்டாதவனுக்கு வீடு எதற்கு என்று பணியாளர் நல அதிகாரி கேட்டார். நலத்தைக் கவனிக்கவென்றே சம்பளம் வாங்குகிறவர் கேட்டால் அதில் நியாயம் இல்லாமலா போகும்? ஒவ்வொருவராக வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வீடுகளுக்கு மாதம் ஒரு காபிப் பொட்டலம் வந்தது, "நாம் ஒரே குடும்பம்" என்று அச்சடித்து.

கண்டக்டரம்மாவுக்கு அப்படி இருபத்தாறு பொட்டலங்கள் வந்திருந்தன. அவள் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவள். அவள் புருஷன் ஆறாம் மாடியில் ருசி பார்க்கிறவர். ஒரு கரண்டி காபியை உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, "ஈரச் சாக்கு வாசனை" என்றோ "மழைக்கு முன்னால் பறித்தது" என்றோ சொல்வது அவர் உத்தியோகம். போனில் மூன்று நிமிஷம் பேசுவார்; அதில் இரண்டரை நிமிஷம் புளிப்பைப் பற்றி. ஒரு நாள் அவளையே "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கும் தூக்கம் போயிற்று.

நாத்தனாரிடம் போய்ச் சொன்னாள். "என் தம்பிக்குத் தூங்கக்கூட நேரமில்லைன்னா அது எவ்வளவு பெரிய வேலை! நீ என்னடான்னா மூக்கைச் சிந்திக்கிட்டு வந்து நிக்கிற," என்றாள் நாத்தனார்.

குடும்பத்தாரைக் கம்பெனி உள்ளே விடுவதில்லை, ஊழியர்களின் கவனம் சிதறுமாம். யார் எவரென்று தெரியாதவர்கள் மட்டும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தாராளமாகச் சுற்றிப் பார்க்கலாம். முதல் டிரிப்பை முடித்துக்கொண்டு எரிகிற கண்ணோடு நேராக வந்து, பதினைந்து பேர் வரிசையில் நின்று, தன் புருஷனைப் பார்க்க அவள் டிக்கெட் வாங்கினாள். "பார்வையாளர்" என்று கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். உறவுமுறை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

வழிகாட்டிப் பெண் இமைக்காமல் சிரித்தாள். இமைப்பது அந்தக் கட்டடத்தில் மூன்றாம் வருஷமே வழக்கொழிந்துவிட்டது. முதல் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு காபிச் செடி, பிளாஸ்டிக்கில். நிஜச் செடி இலை உதிர்த்துக் கம்பெனியின் பெயரைக் கெடுத்ததாம். மூன்றாம் மாடியில் நிறுவனர் பாதி குடித்து வைத்த கோப்பை. அவர் போய் முப்பது வருஷமாகியும் அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. காபியின் ஆவியா, அவருடைய ஆவியா என்று ஒருவர் கேட்டார். கேள்விகள் எல்லாம் கடைசியில் என்றாள் வழிகாட்டி. நான்காம் மாடியில் புதுப் பொட்டலத்துக்குப் பெயர் வைக்கும் கூட்டம் இரண்டாம் வருஷமாக நடந்துகொண்டிருந்தது. பெயரில் "காபி" என்ற சொல் வருவது அவசியமா என்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டார்களாம்.

ஆறாம் மாடியில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருந்தார். கரண்டியும் கையுமாக, நீள மேசையில் எட்டாவது ஆள். காதோரம் நரைத்திருந்தது, அவளைக் கேட்காமல் வந்த நரை. அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்வையாளர் எல்லோரையும் பார்த்து ஆட்டுவதுபோல மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போனார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்மா."

"கேள்வி நேரம் கடைசியில இருக்கு. கண்ணாடியில கை வைக்காதீங்க, ரேகை விழும்."

"கேள்வி இல்லம்மா. அவர் என் வீட்டுக்காரர்."

"இங்க எல்லாரும் ஒரே குடும்பம்தாம்மா," என்றாள் வழிகாட்டி, அதே சிரிப்போடு.

கண்டக்டரம்மா அழத்தான் வாயைத் திறந்தாள். வந்தது கொட்டாவி. வழிகாட்டிப் பெண்ணின் தாடை லேசாக நடுங்கியது. மத்தியான டிரிப்பில் முன் சீட்டில் ஒருவர் விடும் கொட்டாவி இரண்டு ஸ்டாப்புக்குள் பின் படிக்கட்டு வரை போய்விடும் என்பது பத்தொன்பது வருஷ சர்வீஸில் கண்டக்டரம்மா கண்ட உண்மை. அவள் காலை அகட்டி ஊன்றினாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். ஸ்டாப்பின் பெயரைக் கூவுகிற அதே தொண்டையைத் திறந்து, கண்ணில் நீர் வர, இரண்டாவது கொட்டாவியை விட்டாள்.

வழிகாட்டிப் பெண் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஒவ்வொரு கரண்டியாக விழுந்தது. வாசனை போன குழாயிலேயே கொட்டாவியும் போயிற்று. பெயர் வைக்கும் கூட்டம் முதன்முறையாக ஒருமனதாக ஒரு காரியம் செய்தது. டாக்டர் கடிதத்தின் மேலேயே கவிழ்ந்தார். ஒன்பதாம் மாடி டைரக்டர் எதிரில் கொட்டாவி விட யாருக்கும் தைரியம் இல்லாததால் அவர் மட்டும் கடைசி ஆளாக, பதினோரு மணி சுமாருக்குத் தூங்கினார்.

இன்னும் மூன்று மாடி பாக்கி இருக்கிறதே என்று ஒரு பார்வையாளர் டிக்கெட்டைக் காட்டி முணுமுணுத்தார். "இறங்கறவங்க எல்லாம் இறங்குங்க! ரெண்டு பேர் மட்டும் வந்து இவர் காலைப் பிடிங்க!" என்றாள், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்த கண்டக்டரம்மா. அந்தக் குரலுக்குக் கட்டுப்படாதவர்கள் கிடையாது. பஸ் டிரைவர் பன்னிரண்டாம் நம்பரைக் கம்பெனி வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். ருசி பார்க்கிறவரைப் பின் சீட்டில் நீட்டிப் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

தலைமையகம் தூங்கியதால் என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. தோட்டங்களில் பறித்தார்கள், கடைகளில் விற்றார்கள், பொட்டலங்கள் ஒன்றாம் தேதி தவறாமல் வந்தன. அந்த வருஷம்தான் கம்பெனிக்கு என்றுமில்லாத லாபம். காரணத்தை ஆராய ஒரு குழு போட்டிருப்பார்கள். போட வேண்டியவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சில குடும்பத்தார் வந்து தங்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிலர் வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தலையணை வைத்துவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை சுற்றுலா இப்போதும் நடக்கிறது. வெளியே நின்றதால் தப்பிய கேட் வாட்ச்மேன்தான் வழிகாட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு, பேசாமல் நடக்க வேண்டும். முன்னைவிடக் கூட்டம் அதிகம்.

ருசி பார்க்கிறவர் நாற்பத்து மூன்று நாள் தூங்கினார். கண்டக்டரம்மா டூட்டிக்குப் போய் வந்து அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "என் தம்பி மாதிரி தூங்க யாரால முடியும்!" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

நாற்பத்து நான்காம் நாள் மத்தியானம் அவர் கண் விழித்தார். அவள் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள். அவர் உறிஞ்சினார், நாக்கில் உருட்டினார், துப்ப இடம் தேடினார். ஒன்றும் கிடைக்காமல் விழுங்கினார்.

"நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி," என்றார். அப்புறம் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். "நீ டூட்டிக்குப் போகலையா?"

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்கு லீவு."

"ஆபீஸ்ல என்னைத் தேடுவாங்களே."

"அங்க எல்லாரும் தூங்கறாங்க."

"டைரக்டருமா?"

"அவர் குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குதாம்."

"அப்ப சரி," என்று சுவர்ப் பக்கமாக நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டுப் படுத்தார்.