செலவு வைக்காத பதினொரு பேர்

மாநகராட்சி ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவு மூன்றே வருடத்தில் இரண்டு மடங்கானது ஏன் என்று மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டுவிட்டார். அடுத்த திங்கட்கிழமையே லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். படியேறினால் உடம்பு தேறும், உடம்பு தேறினால் யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் போக மாட்டார்கள் என்பது ஆணையரின் கணக்கு. முதல் வாரமே வரி வசூல் பிரிவில் ஒருவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உருண்டு கணுக்காலை முறித்துக்கொண்டார். அந்த பில்லும் காப்பீட்டுப் பிரிவுக்குத்தான் வந்தது.

காப்பீட்டுப் பிரிவு என்பது நான்காம் மாடியில் ஓர் அறை, மூன்று பீரோ, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அவள். இருபத்தாறு வருட சர்வீஸ். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் சீல் அக்கா. அவள் கையிலிருக்கும் வட்டச் சீல் விழாமல் யாருடைய பிரசவத்துக்கும் யாருடைய கடைவாய்ப் பல்லுக்கும் ஒரு காசு நகராது.

லிஃப்டுக்குப் பிறகு வாசலில் எடை பார்க்கும் மெஷின் வைத்தார்கள். ஜனங்கள் பெல்ட், பர்ஸ், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினார்கள். சுகாதாரப் பிரிவின் தலைவர் மூச்சையும் பிடித்துக்கொண்டு ஏறினார், அதற்கும் எடை இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. மீட்டிங்குகளில் பிஸ்கட் போய் வெள்ளரிக்காய் வந்தது. அதைக் கொறித்துவிட்டு எல்லோரும் நேராக எதிர்க்கடைக்குப் போய் கேக் தின்றார்கள். இத்தனைக்குப் பிறகும் செலவு இம்மியும் இறங்கவில்லை. அப்போதுதான் ஆலோசகர் வந்தார்.

முப்பத்தைந்து வயதிருக்கும். கசங்காத சட்டை, மடிக்கணினி, அவர் போன பிறகும் அறையில் நிற்கும் சென்ட் வாசனை. அவர் காட்டிய படங்கள் அத்தனையிலும் ஒரு பச்சை அம்புக்குறி கீழ்நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. அலுவலக ஜீப் டிரைவர் அன்று சாயங்காலமே அவருக்கு ‘அம்புக்குறி’ என்று பெயர் வைத்துவிட்டார். ஒரு மாதம் கோப்புகளைக் குடைந்துவிட்டு, ஒரு நாள் அம்புக்குறி மூச்சு வாங்கிக்கொண்டு நான்காம் மாடி ஏறி வந்தார்.

“மேடம், புதையல் கிடைச்சிருக்கு,” என்றார். “பதினொரு பேர். எல்லாரும் ஊழியர்களோட குடும்பத்து ஆளுங்க. சுகர், ஹார்ட், கிட்னின்னு வருஷக்கணக்கா நமக்குப் பெரிய செலவு வச்சவங்க. திடீர்னு பார்த்தா பூஜ்யம். ஒரு மாத்திரை பில்கூட இல்ல. இவங்க என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சா, எல்லாரையும் அதையே பண்ண வச்சுடலாம்.”

அவள் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். மூன்றாவது பெயர் அவள் கணவருடையது.

“அட, இது உங்க ஊழியர் எண் மாதிரி இருக்கே. உங்க வீட்டுக்காரரா?”

“ஆமா.”

“எப்படி இருக்கார்?”

“சத்தமில்லாம இருக்கார்.”

“வாரத்துக்கு மூணு டயாலிசிஸ் போயிட்டிருந்தது, சட்டுனு நின்னுபோயிருக்கே. எப்படி?”

“ஒரு செவ்வாய்க்கிழமையோட நின்னுடுச்சு.”

“அவராவே நிறுத்திட்டாரா? டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?”

“இனிமே தேவைப்படாதுன்னு சொல்லிட்டார்.”

அம்புக்குறி அதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டார். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவள் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

கணவர் போய் இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு தனியார் கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு, “வாரத்துக்கு மூணு தடவை என்னைத் துவைச்சுக் காயப்போடுறாங்க, இஸ்திரி மட்டும்தான் பாக்கி,” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டையின் ஒரு கையை மாட்டியவர் மறு கையை மாட்டவில்லை. வீட்டிலேயே முடிந்துவிட்டதால் ஆஸ்பத்திரி பில் எதுவும் இல்லை. அலுவலகமே அரைநாள் லீவு போட்டு வந்து நின்றது. நிதி அதிகாரி அரைமணி நேரம் உட்கார்ந்து, தன் ரத்த அழுத்த மாத்திரைகளின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார். அவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘பிரஷர்’ என்றுதான் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு கணவர் பெயரை ஒவ்வோர் இடமாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். வங்கிக்காரர்கள் எடுத்தார்கள். வாக்காளர் பட்டியலில் எடுத்தார்கள். போன் கம்பெனிக்காரர்கள் இரக்கம் தெரிவித்து ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு எடுத்தார்கள். காப்பீட்டுப் பட்டியலில் மட்டும் எடுக்க வேண்டிய கை அவளுடையது.

வருடத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் ஒரு படிவம் வரும். குடும்பத்தினர் பெயர்கள் அச்சடித்தே இருக்கும், கீழே மூன்றாவதாக ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டடத்தில் அதைப் படித்தவர் யாரும் கிடையாது. பிரிவுத் தலைவர் கட்டாக வாங்கி, “எல்லாரும் மூணாவது கட்டத்துல டிக் போடுங்கப்பா,” என்பார். லீவில் இருப்பவனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் போட்டுவிடுவான். எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும், எல்லாவற்றுக்கும் சீல் விழும். அந்த வருடம் தன் படிவத்தை எடுத்தவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் வரை இருந்தாள். பிறகு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள். அடுத்த வருடம் அத்தனை நேரம்கூட ஆகவில்லை. மாதாமாதம் சம்பளச் சீட்டில் அவர் பெயருக்கு நேரே பிரீமியம் பிடித்தார்கள். பிறந்த நாள் வந்தபோது கம்ப்யூட்டர் அவருக்கு மறக்காமல் ஒரு வயது கூட்டியது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. அந்தச் சீட்டை அவள் மற்ற சீட்டுகளோடு சேர்த்து வைப்பதில்லை.

இப்போது தோண்டினால் பொய் உறுதிமொழி, அதுவும் இரண்டு தடவை, அதுவும் காப்பீட்டுப் பிரிவின் எழுத்தரே. வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை மன்ற அரங்கில் ‘நலம் பெற்றோர்’ விழா, பதினொரு பேரும் குடும்பத்தோடு வந்து மேடையில் இரண்டு நிமிடம் தங்கள் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போன பிரஷரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

மதியம் ஜீப் டிரைவர் அதே மாதிரி ஒரு கடிதத்தோடு வந்து கதவைச் சாத்தினார்.

“அக்கா, என் மாமியாரை மேடையில பேசக் கூப்பிடுறாங்க.”

“அவங்க போய்...”

“ஒன்றரை வருஷம் ஆச்சு. இருந்தப்ப வாயைத் திறந்தா மூடாது. அப்ப ஒருத்தன் மைக் குடுக்கல.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “டிக் போடச் சொன்னாங்க, போட்டேன். என்னத்தைக் கண்டேன். இப்ப என்னக்கா பண்றது?”

இருவரும் உட்கார்ந்து பதினொரு பெயரையும் அலசினார்கள். ஏழு பேர் இறந்துபோயிருந்தார்கள். மூன்று பேர் வெளியூரில் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்து அங்கேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய்ப் பிரிவு ஃபிட்டரின் அண்ணன் ஒருவர் மட்டும் இதே நகரில் உயிரோடு இருந்தார். அவருக்குச் சீல் அக்காமேல் கோபம். ஒரு பில்லைத் திருப்பி அனுப்பியதிலிருந்து சொந்தக் காசில்தான் வைத்தியம் பார்த்துக்கொள்வேன் என்று வீம்பு.

“அவரை வேணா மேடை ஏத்தலாம். உங்களைத் திட்டியே ரெண்டு நிமிஷத்தை ஓட்டிடுவார்,” என்றார் டிரைவர்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

புதன்கிழமை அம்புக்குறி சுவரொட்டியின் மாதிரியைக் கொண்டுவந்து அவள் மேசையில் விரித்தார். அவள் கணவரின் காப்பீட்டு அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். ஊதிப்போன முகம், எண்ணெய் வைத்து வாரிய தலை, போட்டோக்காரனை நம்பாத ஒரு பார்வை. கீழே கொட்டை எழுத்தில், ‘படியேறினேன், பிணி நீங்கினேன்.’

“இது யார் சொன்னது?” என்றாள்.

“அவர் சொன்ன மாதிரிதான் மேடம். சும்மா ஒரு ஊக்கத்துக்கு. எல்லாப் படிக்கட்டுலயும் ஒட்டப் போறோம்.”

“அவர் லிஃப்ட் மெக்கானிக்.”

“ரொம்ப நல்லது. இன்னும் சூப்பர். லிஃப்ட் மெக்கானிக்கே படியேறினார்.”

அவர் வாழ்நாளில் தேவையில்லாமல் ஒரு படி ஏறியவரில்லை. மனுஷன் லிஃப்டைக் கண்டுபிடித்ததே படியேறாமல் இருக்கத்தான் என்று சண்டை போடுவார். சம்பளச் சீட்டில் அவர் சும்மா இருந்தார், ஒன்றும் பேசவில்லை, அதனால் அவராகவே இருந்தார். இங்கே யாரோ அவர் வாயில் ஒரு முட்டாள்தனத்தைத் திணித்து, மாடிக்கு மாடி நிறுத்தப் பார்க்கிறார்கள். வருகிறவன் போகிறவனெல்லாம் மீசை வரைந்து வைப்பான்.

சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டு அவள் நிதி அதிகாரியின் அறைக்குப் போனாள்.

“சார், இவர் செத்துட்டார்.”

பிரஷர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். “ஐயோ. எப்போம்மா?”

“நீங்க வந்திருந்தீங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினார். பட்டியலில் இன்னும் ஆறு பேர் செத்துப்போனதையும் அவள் சொன்னாள், யார் வீட்டுப் பெயரையும் சொல்லாமல். கட்டம், டிக், தன் இரண்டு கையெழுத்து எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழும் என்று நின்றாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இந்த லிஸ்ட் விஷயம் வேற யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது சார்.” டிரைவரை அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

“பாரும்மா. நேத்து மன்றத்துல அறிக்கை வச்சாச்சு. நாள்பட்ட நோயாளிங்க செலவு பதினாலு சதவீதம் குறைஞ்சிருக்குன்னு. அதுல பெரும்பங்கு இந்தப் பதினொண்ணுதான். இப்பப் போய் இவங்க தேறல, செத்துட்டாங்கன்னா...” பச்சை அம்புக்குறி என்னவாகும் என்பதை விரலால் கூரைவரைக்கும் காட்டினார். “விழாவை ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திடுறேன். போஸ்டரும் வேணாம். வருஷம் முடிய இன்னும் நாலு மாசம். அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே. உங்க பேருலயும் நடவடிக்கை வராது, நான் பார்த்துக்கறேன். நீங்களும் அவர் இருக்கணும்னுதானே வச்சிருந்தீங்க?”

அவள் கேட்க வந்ததையெல்லாம் அவரே தட்டில் வைத்து நீட்டினார். வேலை இருக்கும். பெயரும் இருக்கும். பிப்ரவரியில் கணவருக்குச் சீட்டில் அறுபது ஆகும்.

“நான் வச்சிருந்தேன் சார்,” என்றாள். “நீங்க எதுக்கு வச்சிருக்கணும்?”

“அம்மா, உணர்ச்சிவசப்படாம யோசிங்க.”

“அவர் இருந்த காலத்துல இந்த ஆபீஸ்ல ஒவ்வொரு பில்லுக்கும் கேள்வி கேட்டீங்க சார். வாரத்துக்கு மூணு எதுக்கு, ரெண்டு போதாதான்னு நீங்களே குறிப்பு எழுதி அனுப்பினீங்க. நான்தான் அதுக்கும் சீல் வச்சேன். செலவு இல்லாம ஆனதும் இருந்துட்டுப் போகட்டும்ங்கறீங்க.”

பிரஷர் இன்னொரு மாத்திரையைத் தேடினார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஆணையர் இருந்தார், ஆணையருக்கு மேலே மன்றம் இருந்தது.

அவள் நான்காம் மாடிக்கு ஏறி வந்து இரண்டாவது பீரோவிலிருந்து பெயர் நீக்கப் படிவத்தை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் மறைவு என்று எழுதினாள். தேதியை எழுதினாள். விண்ணப்பதாரர் என்று ஒரு கையெழுத்து, சரிபார்த்த எழுத்தர் என்று இன்னொரு கையெழுத்து. மை காய்ந்திருந்ததால் சீல் பாதிதான் விழுந்தது. மையை நனைத்து மறுபடி வைத்தாள்.

விழா நின்றது, விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சட்டைக் கையை ஒன்று மாட்டி ஒன்று மாட்டாமல் ஒருவர் போய்விட்டால், அந்த வருடப் படிவத்தில் ‘மாற்றம் எதுவும் இல்லை’ என்ற கட்டத்தில் ஒருத்தி எப்படி டிக் போடுவாள் என்பதை அவள் ஒன்றரைப் பக்கத்தில் விளக்கியிருந்தாள். பிடித்த பிரீமியம் கூடுதலாகத்தான் வந்திருக்கிறது, மாநகராட்சிக்கு நஷ்டம் எதுவுமில்லை என்று பிரஷரே கோப்பில் எழுதினார். ஒரு இன்கிரிமென்ட்டை வெட்டினார்கள், வேலை தப்பியது. அம்புக்குறியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. லிஃப்ட் மட்டும் ஓடவில்லை. இத்தனை நாள் நிறுத்தி வைத்ததில் அது நிஜமாகவே பழுதாகியிருந்தது.

மற்ற ஆறு வீட்டுக்காரர்களுக்கும் அவள் ஆள் விட்டுச் சொல்லவில்லை. அவர்களாகவே வந்தார்கள், ஆளில்லாத நேரமாகப் பார்த்து. முதலில் வந்தவர் ஜீப் டிரைவர். படிவத்தை முழங்காலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேனாவைக் கடித்தார்.

“பேர் எழுதிட்டேன். தேதிதான்...”

“பதினெட்டுன்னு உங்க லீவு லெட்டர்ல இருக்கு.”

“அதான், பதினெட்டு.” எழுதினார்.

“எத்தனை மணிக்கு?”

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மணி கேக்கலியேக்கா இதுல.”

“கேக்கலதான். சொல்லுங்க.”

டிரைவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். “மத்தியானம் ரெண்டரை இருக்கும். சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் போனாங்க. என் பங்கையும் சேர்த்து.”

அவள் இன்னொரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.